மைசூரு கொரில்லாக்களுக்குப் பெண் தேட வேண்டாம்

மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்துக்கும், கர்நாடக உயிரியல் பூங்கா ஆணையத்துக்கும், மைசூரு ஸ்ரீ சாமராஜேந்திர உயிரியல் பூங்கா நிர்வாகத்துக்கும் ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா,

வணக்கம்.

2021 ஆகஸ்டில் ஜெர்மனியிலிருந்து இரண்டு ஆண் கொரில்லாக்கள் மைசூரு வந்து சேர்ந்தன. தாபோவுக்கு அப்போது வயது 14, டெம்பாவுக்கு 8. எட்டு வயது ஆண் கொரில்லா இன்னும் பையன்தான். பெரியவனைச் சீண்டுவான், அடி விழும் என்று தெரிந்தால் ஓடுவான், கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வான். பெரியவனும் பொறுத்துப்போவான். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் இது மாறத் தொடங்கும். முதுகில் ரோமம் வெளுக்கும், தோள் அகலும், கோரைப்பல் வளர்ந்து நிற்கும். அதன்பின் சீண்டல் சீண்டலாக முடிவதில்லை. டெம்பாவின் வயதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரே கொட்டிலில் இரண்டு வெள்ளிமுதுகு ஆண்களை வைத்துப் பராமரிக்கும் காலம் உங்களுக்கு வந்துவிட்டது. அடுத்த இருபது, முப்பது வருடத்துக்கு என்ன திட்டம் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

கொரில்லா கொட்டிலின் முன்னால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நின்றால் தமிழும் கன்னடமும் மலையாளமும் கலந்து ஒரே கேள்விதான் காதில் விழும்: ஜோடி எங்கே? கேட்பவர்கள்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. உயிரியல் பூங்கா என்றாலே நமக்கு ஆண், பெண், குட்டி என்று ஒரு குடும்பப் படம் மனதில் இருக்கிறது. 1995இல் டப்ளினிலிருந்து மைசூருக்கு வந்த போலோ 2014இல் இறந்தபோது இந்தியாவில் இருந்த ஒரே கொரில்லா அவன்தான். பல வருடங்கள் தனியாகவே இருந்தான். அவனுக்குத் துணை தேடுகிறார்கள் என்ற செய்தி பத்திரிகைகளில் அவ்வப்போது வரும், படிக்கிறவர்களும் உச்சுக்கொட்டுவார்கள். துணை வரவே இல்லை. ஏன் வரவில்லை என்று எழுதியவர்கள் குறைவு. அது தெரிந்தால்தான் தாபோவும் டெம்பாவும் எதற்காக இங்கே இருக்கிறார்கள் என்பதும் புரியும்.

உலகப் பூங்காக்களில் இருப்பவை ஏறக்குறைய எல்லாமே மேற்குத் தாழ்நில கொரில்லாக்கள். ஆரம்பத்தில் எல்லாம் காட்டிலிருந்து பிடித்து வந்தவை. தாயைச் சுட்டுக் குட்டியை எடுப்பதுதான் வழக்கம், வழியிலேயே செத்த குட்டிகள் ஏராளம். 1956 டிசம்பர் 22ஆம் தேதி அமெரிக்காவின் கொலம்பஸ் பூங்காவில் கோலோ என்ற பெண் குட்டி பிறந்தது. மனிதர் பராமரிப்பில் பிறந்த முதல் கொரில்லா அதுதான். தாயிடம் விடாமல் இன்குபேட்டரில் வைத்து வளர்த்தார்கள். 1959இல் சுவிட்சர்லாந்தின் பேசல் பூங்காவில் கோமா பிறந்தபோதும் அதே கதை. பூங்கா இயக்குநர் தம் வீட்டிலேயே வைத்து வளர்த்தார். அந்தக் காலத்தில் ஒரு குட்டி பிறந்து பிழைத்தாலே அதிசயம். யாரோடு யாரைச் சேர்ப்பது என்ற கேள்விக்கே அப்போது இடமில்லை.

இன்று பிறப்பு அதிசயமில்லை. அதனால் கட்டுப்பாடு வந்திருக்கிறது. ஒவ்வொரு கொரில்லாவுக்கும் வம்சாவளிப் பதிவேட்டில் ஓர் எண் உண்டு. உலகப் பதிவேட்டைப் பராமரிப்பது ஜெர்மனியின் பிராங்க்பர்ட் பூங்கா. ஐரோப்பியப் பூங்காக்கள் சேர்ந்து நடத்தும் இனவிருத்தித் திட்டத்தில் மட்டும் சுமார் 70 பூங்காக்கள், நானூறுக்கும் மேற்பட்ட கொரில்லாக்கள். வட அமெரிக்கத் திட்டத்தில் சுமார் 350. எந்தப் பெண் எங்கே போக வேண்டும், யார் குட்டி போடலாம், யார் கருத்தடை மாத்திரை சாப்பிட வேண்டும் என்பதைத் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளரும் குழுவும் பரிந்துரைக்கிறார்கள். (ஆமாம், மாத்திரைதான். நம் வீட்டுப் பெண்கள் சாப்பிடும் அதே வகை மாத்திரையைத்தான் பெண் கொரில்லாக்களுக்கும் கொடுக்கிறார்கள்.) இடமாற்றத்துக்குப் பொதுவாகப் பணம் கைமாறுவதில்லை. யாருடைய ரத்தம் கூட்டத்தில் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது, யாருடையது அரிதாக இருக்கிறது என்று பார்த்து, அரிதாக இருப்பவர்களுக்கு முதலிடம் கொடுக்கிறார்கள். பார்சிலோனாவின் வெள்ளைக் கொரில்லா கோபிட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் தோலும் ரோமமும் வெளுத்திருந்ததற்குக் காரணம் அவன் பெற்றோர் காட்டிலேயே நெருங்கிய உறவாக இருந்ததுதான் என்று 2013இல் வந்த மரபணு ஆய்வு காட்டியது. அவனைப் போல இன்னொரு வெள்ளைக் குட்டி பிறக்காதா என்ற ஆசையும் அவன் காலத்தில் இருந்தது. ஊர் பார்க்க ஆசைப்படுகிறது என்பதற்காகக் குட்டி பெறவைப்பதைத் தடுக்கத்தான் பதிவேடும் குழுவும்.

சரி, இவ்வளவு ஒழுங்கு இருந்தும் ஒரு சிக்கல் தீரவில்லை. கொரில்லாக் குடும்பத்தில் ஒரு வெள்ளிமுதுகு, மூன்று நான்கு பெண்கள், குட்டிகள். அவ்வளவுதான். பிறப்பதோ ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சமம். காட்டில் ஆண்கள் பருவம் வந்ததும் குடும்பத்தை விட்டு வெளியேறித் தனியாகத் திரிவார்கள். சிலர் பிறகு பெண்களைச் சேர்த்துக்கொள்வார்கள், பலருக்கு அது கிடைக்காமலே போகும், இடையில் சாகிறவர்களும் உண்டு. பூங்காவில் யாரும் அப்படி எளிதில் சாவதில்லை. ஆண் குட்டி ஒன்று பிறந்தால் அப்பாவின் வீட்டில் பத்துப் பன்னிரண்டு வயது வரை காலம் தள்ளலாம். அதற்குமேல் அப்பா விடமாட்டார். பூங்காக் கொரில்லாக்கள் நாற்பதைத் தாண்டி வாழ்வது இப்போது சாதாரணம். மிச்சமுள்ள முப்பது வருடம் அந்த ஆணை எங்கே வைப்பது?

இதற்கு யாரிடமும் முழுமையான பதில் இல்லை. மாத்திரை கொடுத்துப் பிறப்பைக் குறைத்தால் குடும்பத்தில் குட்டிகளே இல்லாமல் போகும். குட்டி வளர்ப்பதைப் பார்த்து வளராத பெண் பிறகு தன் குட்டியைத் தூக்கவே தெரியாமல் நிற்பாள். பல வருடம் தள்ளிப்போட்டால் கருத்தரிப்பதே கடினமாகலாம். சில ஐரோப்பியப் பூங்காக்கள் ஆண் குட்டிகளுக்குச் சிறு வயதிலேயே விதைநீக்கம் செய்து குடும்பத்துக்குள்ளேயே வைத்துப் பார்க்கின்றன. கேட்கச் சங்கடமாக இருந்தாலும் ஒதுக்கிவிடக்கூடிய யோசனை அல்ல அது. கடைசியாக, கொல்வது. மனிதனுக்கு இவ்வளவு நெருங்கிய ஒரு விலங்கைப் பற்றி அப்படி யாரும் யோசிப்பார்களா என்று கேட்காதீர்கள். 2014இல் கோபன்ஹேகன் பூங்கா மாரியஸ் என்ற ஆரோக்கியமான ஒட்டகச்சிவிங்கியைக் கொன்று, பார்வையாளர்கள் முன்னால் அறுத்துச் சிங்கங்களுக்குப் போட்டது. 2025 ஜூலையில் ஜெர்மனியின் நியூரம்பர்க் பூங்கா 12 பபூன் குரங்குகளைச் சுட்டது. 25 குரங்குகளுக்குக் கட்டிய இடத்தில் நாற்பதுக்கும் மேல் பெருகிவிட்டன என்பது காரணம். உபரி ஆண் கொரில்லாக்கள் விஷயத்திலும் ஐரோப்பாவில் அந்தப் பேச்சு எழுந்தது, பத்திரிகைகளிலும் வந்தது.

இந்த வழிகளுக்கு நடுவில், மிருகத்துக்கும் மனசாட்சிக்கும் ஓரளவு நியாயமாக இருக்கிற வழி ஆண்களை மட்டும் ஒன்றாக வைப்பது. பேச்சுலர் குரூப் என்கிறார்கள். நம் ஊர்க் கணக்கில் திருவல்லிக்கேணி மேன்ஷன். கல்யாணமாகாத பையன்கள் ஒரே கூரையின் கீழ் சண்டை போட்டுக்கொண்டும் சமாதானமாகிக்கொண்டும் இருப்பார்கள். இங்கிலாந்தில் பெயின்டன், லாங்லீட், ஸ்பெயினின் டெனரிஃப் தீவில் லோரோ பார்க்கே என்று இப்படிப் பல இடங்கள் உண்டு. மைசூருவும் அந்த வரிசையில் ஒன்று. உங்களிடம் ஆண்கள் மட்டும் இருப்பதை யாரும் ஒரு குறையாகச் சொல்லக் கூடாது. அந்தத் திட்டத்துக்கு மிகவும் தேவைப்படுகிற, ஆனால் பெரும்பாலான பூங்காக்கள் ஏற்கத் தயங்குகிற வேலையை நீங்கள் ஏற்றிருக்கிறீர்கள். குட்டிகளைக் காட்டினால் கூட்டம் வரும், படம் வைரலாகும். வளர்ந்த ஆண்களைக் காட்டினால் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இந்த ஆண் கூட்டங்கள் வெறும் காத்திருப்பு அறையும் இல்லை. லண்டன் பூங்காவின் கதையைச் சொன்னால் புரியும். 2007இல் பெரும் செலவில் புதிய கொரில்லா வீடு திறந்தார்கள். அடுத்த வருடமே அவர்களுடைய வெள்ளிமுதுகு பாபி இறந்துபோனான். யெபோவா என்ற ஆணைக் கொண்டுவந்தார்கள், அவனும் 2010இல் இறந்தான். அவன் இறந்தபின் அவனுடைய மகன் பிறந்தது, பெயர் டைனி. இதற்குள் டப்ளினில் பிறந்த கேஷோ என்ற இளம் ஆண் வந்திருந்தான். 2011 மே மாதம் தாயையும் குட்டியையும் கேஷோவோடு சேர்த்துப் பார்த்தபோது குட்டிக்குக் கை உடைந்தது, உள்ளே ரத்தக்கசிவு. அறுவைச் சிகிச்சையின்போதே இறந்துவிட்டது. புதிதாக வரும் ஆண், முந்தையவனின் குட்டியைக் கொல்வது காட்டிலும் நடப்பதுதான். தெரிந்தேதான் மிகுந்த கவனத்தோடு செய்தார்கள், அப்படியும் நடந்தது. கேஷோவால் லண்டனில் குட்டி எதுவும் பிறக்கவில்லை. 2013இல் பெயின்டனிலிருந்து கும்புகா வந்தபின்தான் குட்டிகள் பிறந்தன. அதற்கும் பிறகு, 2022 நவம்பரில் டெனரிஃபின் ஆண் கூட்டத்திலிருந்து கிபூரி என்ற ஆண் வந்தான். 2024 தொடக்கத்தில், ஒரு மாதத்துக்குள் இரண்டு குட்டிகள். அதுவரை அவன் ஆண் கூட்டத்தில் முறையாக வளர்ந்து, அடங்கவும் அதட்டவும் கற்றிருந்தது இதற்கு உதவியிருக்கும்.

கேஷோ என்ன ஆனான் என்று கேட்பீர்கள். 2012 ஆகஸ்டில் லாங்லீட்டின் ஆண் கூட்டத்துக்கு அனுப்பினார்கள். டப்ளினில் அவனோடு வளர்ந்த தம்பி ஆல்ஃபும் அங்கே வந்திருந்தான். சில வருடம் பிரிந்திருந்த இருவரும் பார்த்ததும் கட்டிப்பிடித்துக்கொண்ட படங்கள் அப்போது உலகம் முழுக்கச் சுற்றின. நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆண் கொரில்லாவுக்கு ஆண் கொரில்லா துணையாக முடியும் என்பதற்கு அந்தப் படங்களையே மைசூரு கொட்டிலின் முன்னால் பெரிதாக ஒட்டிவைக்கலாம். ஜோடி எங்கே என்ற கேள்விக்குப் பராமரிப்பாளர் தினமும் நூறு முறை பதில் சொல்ல வேண்டியிருக்காது.

அதனால் என் முதல் கோரிக்கை: தாபோவுக்கோ டெம்பாவுக்கோ பெண் கொரில்லா கேட்டு யாருக்கும் கடிதம் எழுதாதீர்கள். அமைச்சரோ ஆட்சியரோ, நன்கொடை தருபவரோ ஆசைப்பட்டாலும் எழுதாதீர்கள். ஒரு பெண்ணைக் கொண்டுவந்து இருவரில் ஒருவனோடு சேர்த்தால், அன்றைக்கே மற்றவனைப் பிரிக்க வேண்டிவரும். பக்கத்துக் கொட்டிலில் பெண் இருந்தாலே ஆண்களுக்குள் சண்டை கூடும் என்பது இந்த மிருகத்தைப் பராமரிப்பவர்கள் எல்லோரும் சொல்வது. குட்டி பிறந்து அது ஆணாக இருந்தால் பத்து வருடம் கழித்து அதை எங்கே அனுப்புவீர்கள்? பெண்ணாக இருந்தால், அப்பாவோடு வைத்திருக்க முடியாதே, எங்கே அனுப்புவீர்கள்? ஐரோப்பாவில் என்றால் லாரியில் ஏற்றி அடுத்த நாட்டுக்கு ஒரே நாளில் கொண்டுபோய்விடலாம். இந்தியாவில் அப்படி மாற்றிக்கொள்ள வசதி இல்லை. ஒரே ஒரு குடும்பத்தை வைத்துக்கொண்டு இனவிருத்தித் திட்டம் என்று பெயர் சூட்டினால் அது பெயராக மட்டுமே இருக்கும்.

இனத்தைக் காப்பாற்ற வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். மேற்குத் தாழ்நில கொரில்லா மிக மோசமான அழிவு ஆபத்தில் இருக்கிறது என்பது உண்மை. 2018இல் வந்த பெரிய கணக்கெடுப்பு காட்டில் மூன்றரை லட்சத்துக்கும் மேல் இருப்பதாகச் சொன்னது, ஆனால் வருடத்துக்கு 2.7 சதவீதம் குறைகிறது என்றும் சொன்னது. இறைச்சிக்காக வேட்டை, எபோலா, காடழிப்பு என்று காரணங்கள் எல்லாம் காங்கோவிலும் காபோனிலும் கேமரூனிலும் இருக்கின்றன. மைசூருவில் பிறக்கும் இரண்டு குட்டிகள் அதில் எதையும் நிறுத்தப்போவதில்லை. பூங்காவில் பிறந்ததைக் காட்டில் விடுவதும் லேசு அல்ல. இங்கிலாந்தின் ஆஸ்பினால் அறக்கட்டளை 2013இல் ஜாலா என்ற வெள்ளிமுதுகின் முழுக் குடும்பத்தையும் காபோனுக்குக் கொண்டுபோனது. அடுத்த வருடமே அதில் ஐந்து கொரில்லாக்கள் இறந்துகிடந்தன. இந்தியப் பூங்காக்களிடம் இனவிருத்திக்கென்று இடமும் பணமும் இருந்தால் நம் சோலைமந்திக்கு, அதாவது சிங்கவால் குரங்குக்கு, செலவழியுங்கள். அதன் காடு நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது, வண்டலூரில் அதற்கான வேலையும் நடக்கிறது.

பெண் வேண்டும் என்ற ஆசையில் இன்னொரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. 2002 ஜனவரியில் மலேசியாவின் தைப்பிங் பூங்காவுக்கு நைஜீரியாவிலிருந்து நான்கு குட்டிக் கொரில்லாக்கள் வந்தன. பூங்காவில் பிறந்தவை என்று காகிதத்தில் எழுதியிருந்தது. பிறக்க வாய்ப்பே இல்லை, காட்டில் பிடித்தவை என்று விலங்கு அமைப்புகள் வெளிச்சம் போட்டுக் காட்டின. பெரிய விவகாரமாகி, 2004இல் அவற்றைத் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவுக்கு அனுப்பினார்கள். 2007 கடைசியில்தான் அவை கேமரூன் திரும்பின. நான்கு குட்டிகளைப் பிடிக்க எத்தனை பெரிய கொரில்லாக்களைச் சுட்டிருப்பார்கள் என்பது அந்தக் காகிதத்தில் இல்லை. தைப்பிங் பூங்கா ஒன்றும் ஊர்பேர் தெரியாத இடம் அல்ல, பழம்பெருமை உள்ள அரசுப் பூங்கா. முறையான திட்டங்கள் பெண் தராது என்று தெரிந்ததும் தரகர்கள் வருவார்கள். ‘பூங்காவில் பிறந்தது’ என்ற சான்றிதழோடு வருவார்கள். மத்திய ஆணையம் இதில் முன்கூட்டியே ஒரு கோடு போட வேண்டும். பதிவேட்டில் எண் இல்லாத கொரில்லாவோ, திட்டக் குழுவின் பரிந்துரை இல்லாத கொரில்லாவோ இந்தியாவுக்குள் வரக் கூடாது. அரசுப் பூங்காவானாலும் தனியார் பூங்காவானாலும் இதே விதி.

உங்களுக்கு இப்படி ‘இனி குட்டி வேண்டாம்’ என்று சொல்லிப் பழக்கம் இல்லாமல் இல்லை. சண்டிகரை ஒட்டிய சத்பீர் பூங்காவில் ஆசியச் சிங்கமும் ஆப்பிரிக்கச் சிங்கமும் கலந்து கலப்பினம் பெருகியபோது இனப்பெருக்கத்தை நிறுத்தி, இருந்தவற்றை வயதாகிச் சாகும்வரை பராமரித்தீர்கள். சர்க்கஸிலிருந்து மீட்ட சிங்கங்களுக்கும் அதேதான். யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை.

அடுத்து, இருவர் என்ற எண்ணிக்கை. இதுதான் எனக்குப் பெரிய கவலை. ஆண் கூட்டத்தில் நான்கைந்து பேர் இருந்தால் ஒருவன்மேல் கோபம் வந்தாலும் இன்னொருவனிடம் போய் உட்காரலாம். இருவர் மட்டும் என்றால் சண்டை வந்தால் போக இடமில்லை. அதைவிட, ஒருவன் இறந்துவிட்டால் மற்றவன் போலோவாகிவிடுவான். தில்லி பூங்காவின் ஆப்பிரிக்க யானை சங்கரை எடுத்துக்கொள்ளுங்கள். கூட வந்த யானை இறந்தபின் அவன் இருபது வருடத்துக்கு மேல் தனியாக நின்று 2025 செப்டம்பரில் செத்தான். துணை கொண்டுவருகிறோம் என்ற பேச்சு நடுவில் எத்தனையோ தடவை வந்தது, உலகப் பூங்காக்கள் சங்கம் 2024இல் தில்லி பூங்காவின் உறுப்பினர் தகுதியையே நிறுத்திவைத்தது. பாங்காக்கில் ஒரு கடைக்கட்டிடத்தின் மேல்மாடிப் பூங்காவில் புவா நோய் என்ற பெண் கொரில்லா பல ஆண்டுகளாகத் தனியாக அடைபட்டிருந்த கதையும் உலகம் அறிந்தது. தனியாகிவிட்ட பிறகு தீர்வு தேடுவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதற்குமேல் உதாரணம் வேண்டாம்.

அதனால் ஐரோப்பியத் திட்டக் குழுவிடம் இப்போதே கேளுங்கள், இன்னும் ஒன்றிரண்டு இளம் ஆண்களை மைசூருவுக்குத் தர முடியுமா என்று. எட்டு, ஒன்பது வயதுப் பையன்களை வளர்ந்தவர்களோடு சேர்ப்பது சாத்தியம். இருபது வயதுக்காரனை இன்னொரு இருபது வயதுக்காரனோடு சேர்ப்பதுதான் பெரும்பாடு. டெம்பா முழு வெள்ளிமுதுகாகிவிட்டால் சேர்ப்பதற்கான வாய்ப்பு சுருங்கிக்கொண்டே போகும். இடம் போதாது, இருவருக்கு மேல் முடியாது என்பது உங்கள் முடிவென்றால் அதுவும் சரியான பதில்தான். ஆனால் அப்போது, ஒருவன் தனியானால் அவனை எந்தப் பூங்கா திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும். இருக்கிறதா?

கொட்டிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. இன்ஃபோசிஸ் அறக்கட்டளை தந்த பணத்தில் நல்ல வீடாகவே கட்டினீர்கள். பையன் ஒருவனும் பெரியவன் ஒருவனும் இருக்கக் கட்டியது, இரண்டு பெரியவர்களுக்கும் போதுமா என்று பாருங்கள். எந்த அறையிலும் ஒரே வாசல் இருக்கக் கூடாது, துரத்தப்படுகிறவனுக்கு ஓட இன்னொரு வழி வேண்டும். ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கத் தடுப்பு வேண்டும், பார்வையாளர் கண்ணிலிருந்தும் ஒளிய இடம் வேண்டும். சில நாட்கள் தனித்தனியாக வைத்துத் திரும்பச் சேர்க்கும் வசதி வேண்டும். காயம் படும், ரத்தமும் வரும். பேச்சுலர் கூட்டங்களில் அது வழக்கம். பெரும்பாலான கடிகாயம் தானாக ஆறிவிடும். செல்போன் வீடியோ ஒன்று பரவிவிட்டது என்பதற்காகப் பயந்துபோய் நிரந்தரமாகப் பிரித்துவிடாதீர்கள். எந்தச் சண்டையில் பிரிப்பது, எதில் விட்டுப்பிடிப்பது என்று முடிவு செய்ய, இந்த இருவரையும் வருடக்கணக்காகத் தெரிந்த பராமரிப்பாளர் வேண்டும். நம் பூங்காக்களில் பராமரிப்பாளர்கள் பலர் ஒப்பந்தக் கூலியில் இருக்கிறார்கள். யானைக்குப் பாகன் எப்படியோ, கொரில்லாவுக்கு இவர்கள் அப்படி. கொரில்லா வீட்டில் இருப்பவர்களையாவது நிரந்தரமாக்குங்கள், இடம் மாற்றாதீர்கள்.

இதயம். பூங்காக்களில் வளர்ந்த ஆண் கொரில்லாக்களைக் கொல்லும் நோய்களில் முதலிடம் இதயநோய்க்குத்தான். இதய தசை நார்போல் இறுகிப்போகும், வெளியே ஒன்றும் தெரியாது, ஒருநாள் காலையில் செத்துக்கிடக்கும். அமெரிக்காவில் இதற்கென்றே 2010இல் ஒரு தனித் திட்டம் தொடங்கி, கம்பிவலைக்கு நெஞ்சைக் காட்டி நிற்கப் பழக்கி மயக்கமருந்து இல்லாமலே ஸ்கேன் எடுக்கிறார்கள். தாபோவுக்கு அந்தப் பழக்கம் கொடுத்தாயிற்றா என்று தெரிந்தால் நன்றாக இருக்கும். கிளீவ்லாண்ட் பூங்கா பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் தன் இரண்டு ஆண் கொரில்லாக்களுக்கும் பிஸ்கட் உணவை நிறுத்திவிட்டுக் கூடை கூடையாகக் கீரையும் இலையும் கொடுக்கத் தொடங்கியது. எடை நன்றாகக் குறைந்தது, நாள் முழுக்க மென்றுகொண்டே இருந்ததால் சலிப்பும் குறைந்தது. நாமோ மிருகத்துக்கு அன்பு என்றால் வாழைப்பழம் என்று நினைப்பவர்கள். தோட்டத்துப் பழத்தில் இருக்கும் சர்க்கரை காட்டுப் பழத்தில் கிடையாது. பட்டு விளையும் ஊரில் மல்பெரி இலைக்கா பஞ்சம்? அகத்தி, முருங்கை, எது ஒத்துக்கொள்ளும் என்று உங்கள் மருத்துவர்கள் பார்த்துச் சொல்லட்டும். அப்புறம், சளி இருமலோடு வருகிற பார்வையாளர். 2021 ஜனவரியில் சான் டியாகோவில் கொரில்லாக் கூட்டத்துக்கே கோவிட் தொற்றியது. நமக்கு வருவதெல்லாம் அவற்றுக்கும் வரும். கண்ணாடியோ அகழியோ, கூட்டத்துக்கும் கொரில்லாவுக்கும் நடுவில் இருக்கும் தூரம் தசரா விடுமுறையிலும் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் கேட்பது ரகசியம் எதுவும் இல்லை. மைசூரு நிரந்தரமாக ஆண் கொரில்லாக்களுக்கான இடம் என்று ஒரு வரி. மூன்றாவது ஆண் வருவானா மாட்டானா என்று ஒரு வரி. ஒருவன் இறந்தால் மற்றவன் எங்கே போவான் என்று ஒரு வரி. பிரித்துவைக்கும் வசதி, இதயப் பரிசோதனை, தீவனப் பட்டியல், இந்தியாவில் வேறு பூங்கா கொரில்லா கேட்டால் ஆணையம் என்ன நிபந்தனை விதிக்கும் என்பதற்குக் கொஞ்சம் விவரம். எல்லாம் சேர்ந்து ஒரு பக்கம்கூட வராது. பூங்காவின் அடுத்த ஆண்டறிக்கையில் போடுங்கள். கன்னடத்தில் போட்டாலும் பரவாயில்லை, படித்துச் சொல்ல மைசூருவில் ஆள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
மைசூரு வரும்போதெல்லாம் கொரில்லா கொட்டிலுக்கே முதலில் வருகிற ஒரு தமிழ்நாட்டுப் பார்வையாளர்